றுமானா வரும்வரை

முயல் இரண்டையும் நஸீருக்குக் கொடுத்தவன் விஜிதரன். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் தோட்ட வேலை பார்க்கிறவன். நஸீர் ஏறாவூரிலிருந்து ஓட்டோவில் ஆட்களை ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இரண்டு பேரும் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுத்தான் பிரிவார்கள். மாரி மழை விட்டிருந்த ஒரு தை மாதத்துப் பகலில் விஜிதரன் ஒரு பிஸ்கட் பெட்டியைத் தூக்கிவந்து ஓட்டோவின் பின் சீட்டில் வைத்தான்.

“என்ன மச்சான் இது?”

“திறந்து பார்.”

உள்ளே உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில் இரண்டு குட்டிகள். ஒன்று வெள்ளை, மற்றது மண்ணிறம். ஒன்றின் முதுகில் மற்றது முகத்தைப் புதைத்துக்கொண்டு நடுங்கின. ஹோட்டலுக்கு வருகிறவர்களின் பிள்ளைகள் விளையாட வளர்த்த முயல்கள் பெருகிவிட்டன, மனேஜர் குறைக்கச் சொல்லிவிட்டார் என்றான் விஜிதரன்.

“ரெண்டும் பொட்டை எண்டுதான் நினைக்கிறன். உன்ட மகளுக்குக் குடு. அந்தப் புள்ள சிரிச்சு நான் கண்டதில்ல.”

அது உண்மைதான். ஷஸ்னாவுக்கு இப்போது பத்து வயது நடக்கிறது. அவளுக்கு ஆறு வயதாக இருந்தபோது தாய் றுமானா குவைத்துக்குப் போனாள். அதற்கு முந்திய வருடம் கொம்மாதுறைக்குக் கிட்ட ஒரு லொறி ஒதுக்கித் தள்ளியதில் நஸீரின் வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. நஸீர் கட்டிலில், ஓட்டோ கராஜில். பார்த்துப் பார்த்து, வேறு வழி தெரியாமல், ஒரு கிழவியைப் பராமரிக்கிற வேலைக்கு றுமானா புறப்பட்டாள். விமான நிலையத்துக்குக்கூட நஸீரால் போக முடியவில்லை. ஊன்றுகோலோடு வாசற்படியில் நின்று, வேன் தெருமுனையில் திரும்பும்வரை பார்த்தான்.

இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்தபோது கால் நன்றாகச் சுகமாகியிருந்தது. ஓட்டோவும் ஓடத் தொடங்கியிருந்தது. “அவங்க இன்னும் ரெண்டு வருஷம் நிக்கச் சொல்லுறாங்க, என்ன செய்யிற?” என்று றுமானா கேட்டாள். வா என்று சொல்லத்தான் அவனுக்கு நாக்கு நுனிவரை வந்தது. தன்னால் போனவளை எந்த வாயால் கூப்பிடுவது என்று நினைத்தான். “சரி, உன்ட விருப்பம்” என்றான்.

அந்த ஊர் வழக்கப்படி வீடு றுமானாவின் சீதன வீடு. கலியாணம் முடித்து அந்த வீட்டுக்குள் வந்தவன் அவன். இப்போது வீட்டுக்காரி போய்விட்டாள், வந்தவன் மட்டும் இருந்தான். அதே வளவில் பக்கத்து வீடு றுமானாவின் தங்கை றுக்ஷானாவுடையது. ஷஸ்னாவுக்குத் தலை வாரிவிடுவதும் பகல் கறி அனுப்புவதும் அவள்தான். அவளுக்கு மூன்றாவது பிள்ளை பிறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அந்தக் குழந்தை அழுகிற சத்தம் வேலிக்கு மேலால் வரும்போது நஸீர் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டிவைப்பான்.

முயல் குட்டிகளைக் கண்ட அன்று ஷஸ்னா பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, குவைத்தில் கிழவி கண் அயர்கிற நேரத்தில், றுமானாவின் வீடியோ கோல் வந்தது. வழக்கமாக அந்தக் கோல் சாப்பிட்டீங்களா, ஸ்கூல் போனீங்களா என்பதோடு முடிந்துவிடும். தாயும் மகளும் அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அன்று ஷஸ்னா போனைத் தரையோடு தரையாகப் பிடித்தாள்.

“உம்மா, இஞ்ச பாருங்க.”

றுமானா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கிழவி எழும்பிவிடக் கூடாதென்று சத்தமில்லாமல் சிரித்தாள். வெள்ளைக்குச் சீனி, மண்ணிறத்துக்குச் சக்கரை என்று பேர் வைத்தவளும் அவள்தான். அன்று முதல் கோல் நீண்டது. “போனை அவடத்திலேயே வெச்சிட்டுப் போங்க, நான் பாத்துக்கிட்டு இருக்கன்” என்பாள். ஷஸ்னா போனைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பாடம் எழுதுவாள். முயல்கள் அறுகம்புல் தின்னும். நஸீர் பாயில் சரிந்து கிடப்பான். ஒரு மணித்தியாலம் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருப்பது போலிருக்கும்.

சில நாளில் சக்கரை தும்மத் தொடங்கியது. நஸீர் இரண்டையும் பெட்டியில் வைத்து, ஷஸ்னாவையும் ஏற்றிக்கொண்டு செங்கலடிக்குப் போனான். அங்கே விதுர்ஷா என்று ஒரு மிருக வைத்தியர் சின்னதாக ஒரு கிளினிக் நடத்துகிறார். மாடும் ஆடும் நாயுமாக ஆட்கள் நிற்கிற இடத்தில் முயலோடு போனது இவர்கள் மட்டும்தான்.

தும்மலுக்கு மருந்து கொடுத்துவிட்டு டொக்டர் குட்டிகளை ஒவ்வொன்றாக மல்லாத்திப் பார்த்தார்.

“ரெண்டும் பொட்டைதான், நானா” என்றார், அண்ணனை அழைக்கிற அந்த ஊர் முறையில்.

“அப்ப பிரச்சினை இல்லத்தானே, டொக்டர். கிடா இல்லாட்டிக் குட்டியும் வராது.”

“குட்டி வராது. ஆனா கர்ப்பப்பை இருக்குதே.”

நஸீருக்கு முகம் சூடேறியது. “மகள், நீங்க போய் ஓட்டோவப் பாருங்க” என்றான். ஷஸ்னா நகரவில்லை.

டொக்டர் அதைக் கவனித்தும் கவனியாதவர் போலச் சொல்லிக்கொண்டு போனார். பெண் முயல்களுக்கு வயது ஏற ஏறக் கர்ப்பப்பையில் கட்டி வருவது அதிகம், புற்றுநோயாகவும் போகும். அது மட்டுமில்லை, பருவம் வந்ததும் கூடப் பிறந்ததைக்கூடக் கடிக்கும். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் இரண்டும் ஒற்றுமையாகக் கனகாலம் இருக்கும்.

“இப்பவே எடுக்க ஏலாதா?” என்று கேட்டது ஷஸ்னா.

“இப்ப உடம்பு சின்னன், செல்லம். மயக்க மருந்து தாங்காது. உள்ளுக்கு எல்லாம் நூல் மாதிரி இருக்கும். அஞ்சு மாசம் முடியட்டும், ஆறாம் மாசத்துக்குள்ள செய்வம். கனக்கப் பிந்தினாக் கொழுப்பு வெச்சிரும், எனக்கும் கஷ்டம், அதுக்கும் கஷ்டம்.” பிறகு நஸீரைப் பார்த்து, “ஒருக்காவாவது குட்டி எடுக்கிற யோசனை இருக்கா, நானா?” என்று கேட்டார்.

சாதாரணக் கேள்விதான். நஸீர் பெட்டியின் மூடியைச் சரிசெய்தான். “வீட்டில கேட்டுத்தான் சொல்லணும்” என்றான்.

அடுத்த நாள் கோலில் றுமானாவிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

“எப்ப செய்யணுமாம்?”

“மே மாசமளவில.”

“மேயில நான் வருவன்” என்றாள்.

நஸீர் எழுந்து உட்கார்ந்தான். இதுவரை ‘வருவேன்’ என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறாள். ஒரு மாதத்தின் பேரைச் சொன்னது இதுதான் முதல்தடவை.

“லீவு தாறன் எண்டிருக்காங்க. ஒரு மாசம். நான் வரும் வரைக்கும் ஒப்பரேஷன் செய்ய வேணாம். சீனிக்கு ஒருக்கா மட்டும் குட்டி போட விடுவம். விஜிதரன் நானாட்டக் கேட்டு ஒரு கிடா கொண்டு வாங்க. நான் என்ட கையால ஒரு குட்டியத் தூக்கிப் பாக்கணும். மறுகா செய்வம்.”

“சரி” என்றான் நஸீர். அன்றைக்கு அந்தச் சொல்லை அவன் சொன்ன விதமே வேறு.

அதற்குப் பிறகு அவன் வீட்டுக்குள் ஒரு வேலையும் பாக்கி வைக்கவில்லை. குசினிக் குழாய் ஒழுகியதை நிறுத்தினான். முன் அறைக்குச் சுண்ணாம்பு பூசினான். றுமானாவின் அலுமாரியைத் திறந்து, மடிப்புக் கலையாமல் கிடந்த உடுப்புகளை வெயிலில் போட்டு எடுத்தான். தலைத்துணிக்குக் குத்தக் கண்ணாடிக்குக் கீழே அவள் வைத்துவிட்டுப்போன ஒட்டுப்பின்கள் துருப்பிடித்திருந்தன. புதிதாக ஒரு அட்டை வாங்கி வைத்தான். கிடாவுக்கும் விஜிதரனிடம் சொல்லி வைத்தான், அவள் புறப்படுகிற நாள் தெரிந்ததும் தருகிறேன் என்றான் அவன். முயல்கள் வளர்ந்தன. சீனி நஸீர் ஓட்டோவை நிறுத்துகிற சத்தம் கேட்டால் பின்னங்காலில் எழும்பி நிற்கப் பழகியது. இரண்டும் இன்னும் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துதான் தூங்கின.

மே பிறந்து சில நாளில் கோல் வந்தது. வழக்கமான நேரத்துக்கு முந்தி வந்தபோதே நஸீருக்கு விளங்கிவிட்டது. கிழவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. மகன்மார், மருமக்கள் எல்லாரும் அழுகிறார்கள், றுமானாவின் கையைத் தவிர வேறு கையால் கிழவி சாப்பிட மாட்டாளாம்.

“ஒரு மூணு மாசம், ஷஸ்னாட வாப்பா. அவ எழும்பி இருக்கும் வரைக்கும். இப்பிடிக் கிடக்கேக்க எப்பிடி விட்டுட்டு வாற?”

எலும்பு முறிந்து கிடப்பது என்ன என்று அவனுக்குத் தெரியும். அவனுக்கும் அவள்தான் ஊட்டிவிட்டாள்.

“சரி” என்றான்.

செங்கலடிப் பக்கம் ஆள் ஏற்றி ஹயர் போனபோது கிளினிக்கில் ஏறி, ஒப்பரேஷனைப் பிந்திச் செய்யலாமா என்று கேட்டான். டொக்டர் ஏனென்று கேட்டார். அவன் சொன்னான்.

“ரெண்டு மூணு மாசம் பிந்துறதால ஒண்டும் ஆகிப்போகாது, நானா. ஆனா இதுதான் நல்ல நேரம். இனி அதுகள் சண்டை பிடிக்கும், கவனமா இருங்க.” பிறகு ஏதோ சொல்ல யோசித்து, “அவங்க எப்ப வாறாங்க எண்டு நிச்சயமாத் தெரியுமா?” என்றார்.

நஸீர் சிரித்துச் சமாளித்துவிட்டு ஓட்டோவை எடுத்தான். ஒப்பரேஷனுக்கு ஒரு நாளைக் குறித்தால், அந்த நாளைக்கு றுமானா இருக்க மாட்டாள் என்று தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போலாகிவிடும் என்று அவனுக்குப் பட்டது. அதை அந்த டொக்டர்ப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

மேற்கிலிருந்து சூடான கச்சான் காற்று தொடங்கியது. ஊருக்குப் பக்கத்து வாவியில் தண்ணீர் கரையிலிருந்து உள்வாங்கி, சேறு வெடித்தது. சூட்டில் முயல்கள் காதைப் படுக்கப் போட்டுக்கொண்டு மூச்சு வாங்கின. ஷஸ்னா போத்தலில் தண்ணீரை ஐஸாக்கிக் கூட்டுக்குள் வைத்தாள். ஒருநாள் அவள் ஸ்கூல் விட்டு வந்து பார்க்கும்போது கூடு முழுக்க வெள்ளை மயிரும் மண்ணிற மயிரும் பறந்துகொண்டிருந்தன. சீனியின் இடது காது கிழிந்து இரத்தம் ஒழுகியது. சக்கரை மூலையில் நின்று காலால் தரையை அடித்துக்கொண்டிருந்தது. அழுகைச் சத்தம் கேட்டு றுக்ஷானா கைக்குழந்தையோடு ஓடிவந்தாள்.

நஸீர் கூட்டுக்கு நடுவில் கோழிவலை அடித்து இரண்டாகப் பிரித்தான். முதல் இரண்டு நாள் ஒன்றை ஒன்று பார்த்து உறுமின. மூன்றாம் நாள் வலையின் இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக, முதுகு தொட்டுக்கொண்டு படுத்திருந்தன.

“டொக்டர் சொன்ன மாதிரி ஒப்பரேஷனச் செஞ்சிருக்கலாம், வாப்பா” என்றாள் ஷஸ்னா.

“உம்மா வரட்டும் மகள்.”

“உம்மா வருவாவா?”

அவன் வலையின் கம்பியை இறுக்கினான்.

றுக்ஷானாவுக்கு இந்த ஒப்பரேஷன் கதையே பிடிக்கவில்லை. “அல்லாஹ் குடுத்த கர்ப்பப்பைய வெட்டி எறியிறதா, மச்சான்? பாவமில்லையா?” என்று கேட்டாள். அது அவன் மனதிலும் கிடந்த கேள்விதான். பின்னேர அசர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் மௌலவியிடம் கேட்டான். மௌலவி தாடியைத் தடவிக்கொண்டு, “கூடாது எண்டு சொன்னவங்களும் இருக்காங்க. மிருகத்துக்கு நன்மை இருந்து, வதைக்காமச் செய்யிறதெண்டாக் கூடும் எண்டு சொன்னவங்களும் இருக்காங்க. நீ எதுக்காகச் செய்யிற?” என்றார். நஸீர் நோயைப் பற்றியும் சண்டையைப் பற்றியும் சொன்னான். “அப்ப நிய்யத்த நல்லா வெச்சுக்கிட்டுச் செய்” என்றார் அவர். அவன் இதுவரை செய்யாமல் இருப்பதற்கு என்ன நிய்யத், என்ன எண்ணம் என்று அவர் கேட்கவில்லை. அது நஸீருக்கு ஆறுதலாக இருந்தது.

அடுத்த கிழமை சீனி ஒரு புதினமான வேலை தொடங்கியது. காய்ந்த புல்லை வாய் நிறையக் கவ்விக்கொண்டு கூட்டின் மூலைக்கு ஓடியது. மீசைபோல இரண்டு பக்கமும் புல் தொங்க, திரும்பத் திரும்ப ஓடியது. பிறகு தன் வயிற்று மயிரைத் தானே பிடுங்கி அந்தப் புல்லுக்கு மேல் பரப்பியது. பஞ்சுபோல ஒரு படுக்கை. நடுவில் கைமுட்டியளவு ஒரு குழி.

“வாப்பா, சீனி குட்டி போடப் போகுது.”

கிடாவே இல்லாமல் எப்படி என்று நஸீருக்குத் தோன்றாமலில்லை. ஆனால் கண்முன்னே அந்தப் படுக்கை இருந்தது. வேலிக்குள்ளால் எதுவும் வந்திருக்குமோ, சக்கரை உண்மையில் கிடாவோ, டொக்டருக்கும் பிழைக்கும்தானே என்றெல்லாம் யோசித்தான். மனம் நம்ப ஆசைப்பட்டால் காரணத்துக்கா பஞ்சம்? அன்று கோல் வரும்வரை பொறுக்க முடியாமல் அவனே எடுத்தான். றுமானா கிழவியின் கட்டிலடியில் உட்கார்ந்து பார்த்தாள். சீனி வயிற்று மயிரைப் பிடுங்குவதைப் பார்த்ததும் தலைத்துணியின் நுனியைக் கடித்துக்கொண்டாள். சிரிக்கவில்லை. நஸீர் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டான்.

நாலைந்து நாள் போயின. படுக்கை அப்படியே இருந்தது. சீனி அதை விட்டு நகரவில்லை. ஷஸ்னா கையை நீட்டினால் உறுமியது. குழிக்குள் ஒன்றுமில்லை. றுமானா ஒவ்வொரு நாளும் “போட்டிட்டா?” என்று கேட்டாள். நஸீர் சீனியைத் துணியில் சுற்றிச் செங்கலடிக்குக் கொண்டு போனான்.

டொக்டர் வயிற்றை மெல்லத் தடவிப் பார்த்தார்.

“இது பொய்க் கர்ப்பம், நானா. உள்ளுக்கு ஒண்டுமில்ல. சில நேரம் ஒரு பொட்டையில மற்றப் பொட்டை ஏறினாலே இப்பிடி வரும். உடம்பு குட்டி இருக்கெண்டு நம்பிரும். பாருங்க, பால்கூட வந்திருக்கு.”

“அப்ப இது யாருக்குக் காவல் இருக்கு?”

டொக்டர் சீனியின் முதுகைத் தடவினார். “ஒண்டு ரெண்டு கிழமையில தானா விட்டிரும். ஆனா மறுகா வரும், மறுகா மறுகா வரும். ஒவ்வொரு முறையும் இப்பிடித்தான் மயிரைப் புடுங்கும், சாப்பிடாது. பால் வத்தினதும் கூட்டி வாங்க, செய்வம். இனியும் பிந்த வேணாம்.”

திரும்பி வரும் வழியில் நஸீர் ஓட்டோவை வாவிக்கரையில் நிறுத்தினான். சீனி துணிக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அங்கேயே றுமானாவின் கோல் வந்தது. ஷஸ்னா ஸ்கூல் விட்டு வரவில்லை. அவன் தனியாக இருந்தான்.

சொன்னான். பொய்க் கர்ப்பம் என்ற சொல்லை மனைவியிடம் சொல்லவே அவனுக்குச் சங்கடமாக இருந்தது. றுமானா எழும்பிப்போய் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

“இஞ்ச வந்த புதுசில நான் ரெண்டு மாசம் முழுகாம இருந்தன்” என்றாள்.

அவனுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தான்.

“யாருக்கும் சொல்லல்ல. தெரிஞ்சாத் திருப்பி அனுப்பிருவாங்க. எனக்கு அதுதான் ஆசையாவும் இருந்திச்சு. வயிறு தெரியட்டும், அவங்களே கண்டுபிடிக்கட்டும் எண்டு இருந்தன். ஒரு தலகாணி உறையக் கிழிச்சு ஒரு சின்னச் சட்டையும் தெச்சன், கையால. மறுகா ஒருநாள் காலம்பர எல்லாம் போயிட்டு. என்னமோ இருந்து போனதா, இல்லாட்டி இந்தச் சீனி மாதிரி ஒண்டுமே இல்லாம நான்தான் நினைச்சுக்கிட்டனா, இண்டைக்கும் எனக்குத் தெரியா.”

“எனக்கு ஏன் புள்ள சொல்லல்ல?”

“சொன்னா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க? சரி எண்டிருப்பீங்க.”

வாவிக்கு நடுவில் ஒருவர் தோணியில் நின்று வலையை உதறிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்காத தூரம். நஸீர் அந்த ஆளையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

“வா, றுமானா.”

அவன் ஓட்டோவுக்கு வெளியே இறங்கி நின்றான்.

“லீவுக்கு இல்ல. வந்திரு. நீ இல்லாம எனக்கு ஏலாது. அந்த வீட்டில விருந்தாளி மாதிரி இருக்கன். மகளுக்கு உன்ட முகம் போனுக்குள்ளதான் தெரியும். என்ட காலாலதான் நீ போன, அதால வா எண்டு சொல்ல எனக்கு வாய் வரல்ல. இப்பவும் வெட்கமாத்தான் இருக்கு.”

“இத்தனை காலத்தில ஒருநாள் சொன்னீங்களா?” அவள் குரல் உடைந்தது. “ஒப்பந்தம் முடியேக்க என்ன செய்யிற எண்டு கேட்டன். வா எண்டு ஒரு சொல் சொல்லுவீங்க எண்டுதான் கேட்டன். என்ட விருப்பம் எண்டீங்க. இவருக்கு நான் இல்லாமலும் ஏலும்போல எண்டு நினைச்சு, அண்டைக்கு இரவெல்லாம் அழுதன்.”

இரண்டு பேரும் அழுதார்கள். முதலில் கண்ணைத் துடைத்தது றுமானாதான்.

“சீனிக்கு ஒப்பரேஷனச் செய்யச் சொல்லுங்க. எனக்காக வெச்சிருக்க வேணாம். பாவம், இல்லாத குட்டிக்கு மயிரைப் புடுங்கிக்கிட்டு… நான் வாறன். கிழவிய இப்பிடியே போட்டுட்டு வரமாட்டன். வேற ஒரு ஆளப் பாக்கச் சொல்லி இண்டைக்கே கேக்கிறன்.”

பால் வற்றிய பிறகு ஒரு சனிக்கிழமை ஒப்பரேஷன் வைத்தார்கள். மனிசருக்குப் போல வெறும் வயிற்றோடு கொண்டு போக வேண்டும் என்று றுக்ஷானா சொன்னாள். டொக்டரோ, “முயலுக்குப் பட்டினி ஆகாது, வாற வரைக்கும் தின்னக் குடுங்க” என்றிருந்தார். ஷஸ்னா மடியில் வைத்து வல்லாரை ஊட்டிக்கொண்டே வந்தாள். இந்தச் சின்ன உயிர்களுக்கு மயக்கம் கொடுப்பது லேசான காரியமில்லை, இந்த ஊருக்கு வந்த பிறகு இரண்டு மூன்றுதான் செய்திருக்கிறேன் என்று டொக்டர் ஒளிக்காமல் சொன்னார். நஸீர் பிஸ்மி சொல்லிச் சீனியை அவர் கையில் கொடுத்தான்.

வெளியே மர வாங்கில் தகப்பனும் மகளும் இருந்தார்கள். றுமானா கோலில் இருந்தாள். அங்கே கிழவி எதையோ கேட்கிறதும் றுமானா அரபியில் பதில் சொல்கிறதும் இடையிடையே கேட்டது. கதவு திறந்து டொக்டர் தலையாட்டியபோது ஷஸ்னா போனைத் தகப்பன் மடியில் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

ஆனால் பயம் அதற்குப் பிறகுதான். அன்று பின்னேரம்வரை சீனி ஒன்றும் தின்னவில்லை. கூனிக்கொண்டு, பல்லை நறநறத்துக்கொண்டு மூலையில் இருந்தது. நோவு மருந்து கொடுத்தும் அப்படித்தான். பொழுது படுவதற்குள் தின்னாவிட்டால் எடுத்து வாருங்கள் என்று டொக்டர் சொல்லியிருந்தார். நஸீர் கூட்டுக்கு முன்னால் குந்தியிருந்தான். தன் ஆசைக்காக இதைப் பிந்தவைத்து, அந்த உடம்பை வீணாக அலைக்கழித்துவிட்டோம் என்ற எண்ணம் அவனைத் தின்றது. மஃரிப் தொழுகைக்குப் பள்ளிவாசலில் வாங்கு சொல்லக் கொஞ்சம் முந்தி, ஷஸ்னா நீட்டிய கொத்தமல்லி இலையைச் சீனி மணந்து பார்த்தது. ஒரு காம்பை மெல்ல உள்ளே இழுத்தது. பிறகு இன்னொன்று.

“திண்டிட்டு உம்மா, திண்டிட்டு” என்று ஷஸ்னா போனுக்குச் சொன்னாள்.

சக்கரைக்கு அடுத்த மாதம் செய்தார்கள். காயம் ஆறி, கோபம் அடங்க இன்னும் கொஞ்சக் காலம் எடுத்தது. டொக்டர் சொன்னபடி ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம் இரண்டையும் வெளியே ஒன்றாக விட்டு, முகம் சுளித்தால் பிரித்து எடுத்தார்கள். ஒருநாள் சக்கரை சீனியின் கிழிந்த காதை நக்கிக்கொண்டிருந்ததை நஸீர் கண்டான். அன்றைக்குத்தான் கோழிவலையைக் கழற்றினான்.

றுமானா கார்த்திகையில் வந்தாள். அவளுக்குப் பதில் ஆள் கிடைத்து, அந்த ஆளின் கையால் கிழவி சாப்பிடப் பழகும்வரை நின்றுவிட்டுத்தான் வந்தாள். விமான நிலையத்தில் நஸீர் அவளைக் கண்டதும் சலாம் சொல்லிப் பெட்டியைக் கையில் வாங்கினான். மெலிந்திருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. அவனுடைய வலது காலைத்தான் அவள் முதலில் பார்த்தாள். வேனில் ஷஸ்னா இருவருக்கும் நடுவில் இருந்து, தாயின் கைப்பையைப் பிடித்தபடியே தூங்கிப்போனாள். கையைப் பிடிக்கவில்லை.

வீட்டிலும் இரண்டு நாள் அப்படித்தான். போனுக்குள் உம்மா உம்மா என்று வாய் ஓயாத பிள்ளை, நேரில் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். தலை வார றுக்ஷானாவிடமே போனாள். நள்ளிரவில் கிழவிக்கு மருந்து கொடுத்த பழக்கத்தில் றுமானா எழும்பி, எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் நிற்பதை நஸீர் பார்த்தான். எழும்பிப்போய் அவளைக் கையில் பிடித்துக் கூட்டிவந்து படுக்க வைத்தான்.

மூன்றாம் நாள் மழை வரப் பார்த்தது. றுமானா முன் அறையில் சீமெந்துத் தரையில் உட்கார்ந்து, முயல்களை நோக்கிக் கையை நீட்டினாள். இரண்டும் கட்டிலுக்கடியில் ஓடிவிட்டன. பாடம் எழுதிக்கொண்டிருந்த ஷஸ்னா பார்த்தாள்.

“மேலால கையக் கொண்டு போகப்படாது, உம்மா. பயப்படும். பக்கத்தால மெதுவா.”

“இப்பிடியா?”

“இன்னும் கீழ.”

ஷஸ்னா எழுந்து வந்து, தாயின் மணிக்கட்டைப் பிடித்துத் தரையோடு தாழ்த்திக் காட்டினாள். பிடித்த கையை எடுக்கவில்லை. இருவரும் அப்படியே காத்திருந்தார்கள். நெடுநேரத்துக்குப் பிறகு சீனி வந்து விரல்களை மணந்தது. றுமானா மெதுவாக அதன் வயிற்றைத் தடவினாள். மயிர் நன்றாக வளர்ந்திருந்தது. அதற்கடியில் மெல்லிய ஒரு கோடு விரலுக்குத் தட்டுப்பட்டிருக்க வேண்டும். கை அங்கே நின்றது.

“குட்டி போட்டிருந்தா என்ன நிறத்தில வந்திருக்கும்?” என்று கேட்டாள்.

“தெரியா” என்றாள் ஷஸ்னா.

வேலிக்கு அப்பால் றுக்ஷானாவின் பிள்ளை எதற்கோ அழுதது. நஸீர் ரேடியோப் பக்கம் போகவில்லை. வாவிப் பக்கமிருந்து இருட்டிக்கொண்டு வந்த மழையின் முதல் துளிகள் தகரத்தில் விழுந்தன. அவன் முற்றத்தில் இறங்கிக் கொடியில் கிடந்த உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்தான். றுமானாவின் உடுப்பை எடுக்கும்போது தோளெல்லாம் நனைந்துவிட்டது. அதை மடித்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் ஏறினான்.